வயிற்றில் தையலோடு வீடு வந்தவருக்கு

'ஹேர்னியா ஒப்பரேசன்' என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தோம். கோயிலில் கேட்டவர்களுக்கும் அதுதான், யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் கேட்ட மாமிக்கும் அதுதான். உண்மையில் எங்கள் மச்சாள் செய்துகொண்டது வயிற்றை இறுக்கும் சத்திரசிகிச்சை. அழகுக்காகச் செய்வது என்று ஊர் சொல்லும். அவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்.

மூன்று பிள்ளைகள். இரண்டு பேரை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். அகதியாக வந்த இடத்தில் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் பக்கத்தில் இல்லை. வயிற்றைக் கட்டிவிட ஆளில்லை, காயச் சரக்கு அரைத்துக் கொடுக்க ஆளில்லை. பதினைந்தாம் நாளே கடையில் பால் பேணி தூக்கியவர். வயிற்றின் நடுத்தசை இரண்டாக விலகி, தோல் மடிந்து தொங்கி, மடிப்புக்குள் கோடை முழுவதும் அவிச்சல். "எத்தினையாம் மாசம்?" என்று பஸ்ஸில் ஒரு வயோதிபமாது கேட்டதற்குப் பிறகுதான் சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். இதை எழுத அவர் சம்மதித்தார். பெயர் வேண்டாம் என்றார், அவ்வளவுதான்.

அவர் வீடு ஸ்காபரோவில் ஒரு மாடிக்குடியிருப்பின் பதினோராம் தட்டில் இருக்கிறது. நாங்கள், மச்சாள்மார் இருவரும், முறை வைத்து அவரைப் பார்த்தோம். பார்க்கத் தெரியும் என்று நினைத்துப் போனோம். பிள்ளைப்பெற்ற வீடுகளை எத்தனை கண்டவர்கள் நாங்கள்! தெரிந்தது பாதிதான் என்று பிறகு விளங்கியது.

முதலில் அந்தச் சத்திரசிகிச்சை என்னவென்று சொல்லிவிடுகிறோம். ஒரு இடுப்பெலும்பிலிருந்து மற்ற இடுப்பெலும்பு வரை, உள்ளாடைக்குள் மறைகிற உயரத்தில் வெட்டுவார்கள். தொப்புளுக்குக் கீழுள்ள மிகைத் தோலையும் கொழுப்பையும் எடுத்து, விலகிய தசையை நடுவில் இழுத்துத் தைத்து, மேல்தோலைக் கீழே இறக்கி மூடுவார்கள். தொப்புளுக்குப் புதிதாக ஒரு வாசல் வைப்பார்கள். இது நேற்று வந்த நாகரிகம் அல்ல. 1899இலேயே அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் ஹவார்ட் கெலி என்ற மகப்பேற்று வைத்தியர் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து ஏறத்தாழ ஏழரைக் கிலோ தோலும் கொழுப்பும் வெட்டி எடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெண் அழகு தேடிப் போனவராக இருந்திருக்க மாட்டார் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

காலையில் போனவரைப் பின்னேரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுதான் இங்கத்தைய வழக்கம். மயக்கம் முழுக்கத் தெளியாத, கூனிக் குறுகிய ஒரு மனிசியையும், இரண்டு பிளாஸ்ரிக் குழாய்களையும், ஆங்கிலத்தில் அச்சடித்த நாலு பக்கத்தையும் எங்கள் கையில் தந்தார்கள். அந்த நாலு பக்கத்தைப் பதினேழு வயது மகள்தான் வாசித்துச் சொன்னாள். தாயின் வயிற்றுக் காயத்தைப் பற்றிப் பிள்ளை மொழிபெயர்ப்பது எங்கள் சமூகத்துக்குப் புதிதல்ல. ஆனாலும் அது சரியல்ல. கிளினிக்கில் முற்கூட்டியே மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருக்கலாம். இரகசியம் வெளியே போய்விடும் என்று அதையும் கேட்கவில்லை.

முதற் கிழமை நிமிர்ந்து நிற்கக் கூடாது, நிற்கவும் ஏலாது. தைத்த தோல் இழுபடும். ஆச்சிமார் பொல்லூன்றி நடப்பதுபோல இடுப்பை வளைத்துத்தான் நடக்க வேண்டும். கட்டிலில் மட்டமாகப் படுக்கவும் முடியாது. முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை வைத்து அரைவாசி இருந்தபடி உறங்க வேண்டும். சாய்மனைக் கதிரை ஒன்று இருந்தால் பெரும் உதவி. நாங்கள் ஒரு சிநேகிதியிடம் இரவல் வாங்கினோம். எலிவேற்றரில் அதை ஏற்றிய கதை தனிக்கதை! இருமல் வந்தால், தும்மல் வந்தால், ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சின்ன உபாயத்தைத் தாதி சொல்லித் தந்திராவிட்டால் முதல் மூன்று நாளும் அழுதே தீர்த்திருப்பார்.

குழாய் என்றது, தோலுக்கடியில் ஊறுகிற இரத்தத்தையும் நீரையும் வெளியே எடுப்பதற்கு. நுனியில் கைக்குள் அடங்கும் ஒரு குமிழ். அதை நாளுக்கு இரண்டு மூன்று முறை திறந்து, அளவுக் கோப்பையில் ஊற்றி, எத்தனை மில்லிலீற்றர், என்ன நிறம் என்று எழுதி, குமிழை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். நாள் போகப் போகச் சிவப்பு வெளிறி மஞ்சளாகும், அளவும் குறையும். ஒரு நாளுக்கு 30 மில்லிலீற்றருக்குக் கீழே வந்தால் குழாயை எடுப்பது பல வைத்தியர்களின் கணக்கு. எங்கள் மச்சாளுக்கு ஒன்று ஏழாம் நாளும் மற்றது பன்னிரண்டாம் நாளும் எடுத்தார்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில், பள்ளிக்கூட அறிவித்தல்களுக்குப் பக்கத்தில், அந்தக் கணக்குத் தாள் தொங்கியது. கேட்ட விருந்தாளிக்குத் 'தண்ணீர் குடிக்கிற கணக்கு' என்றோம். பொய் ஒன்றில் நிற்காது.

நோ மருந்தில் நாங்கள் விட்ட பிழையை மறைக்காமல் எழுதுகிறோம், ஏனென்றால் இது எந்த வீட்டிலும் நடக்கும். வைத்தியர் எழுதித் தந்தது கோடீன் கலந்த டைலனோல். மூன்றாம் இரவு நோ அடங்கவில்லை. அலுமாரியில் ஊரிலிருந்து வந்த பனடோல் இருந்தது. "அது சும்மா தலையிடிக் குளிசைதானே" என்று இரண்டிரண்டாகக் கொடுத்தோம். ஊரில் பரசிட்டமோல் என்றும் இங்கே அசெட்டமினோஃபென் என்றும் சொல்வது ஒரே மருந்தைத்தான். பனடோலிலும் அதுதான், டைலனோலிலும் அதுதான். வளர்ந்தவர் ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் எல்லாமாகச் சேர்த்து 4000 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 500 மில்லிகிராம் குளிசையென்றால் எட்டு. மிஞ்சினால் ஈரலைத் தாக்கும், அதுவும் முதல் நாளில் ஒரு குறியும் காட்டாமல். அடுத்த நாள் மருந்துக்கடைக்காரர் எண்ணிப் பார்த்து, எல்லையைத் தொட்டுவிட்டீர்கள், தாண்டவில்லை என்றார். அன்றுதொட்டு எந்தக் குளிசை, எத்தனை மணி என்று அதே தாளில் எழுதினோம். தடிமலுக்கு விற்கும் மருந்துகள் பலவற்றிலும் இதே சரக்கு இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார்.

கோடீன் வேறொரு வேலையும் செய்யும்: மலத்தை இறுக்கிவிடும். தைத்த வயிற்றோடு முக்குவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். முதல் நாளிலிருந்தே தண்ணீர், கீரை, பப்பாசிப்பழம், உலர்ந்த புரூன் பழம், தேவையென்றால் வைத்தியர் சொல்லும் மலமிளக்கி என்று தொடங்கிவிட வேண்டும். நாலாம் நாள் யோசித்தால் பிந்திவிடும்.

இனி எங்கள் கைவைத்தியத்துக்கு வருவோம். பெரியவர்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் அரைத்து, உள்ளி போட்டு, சின்ன மீனில் வைக்கிற பத்தியக் கறியில் ஒரு குறையும் இல்லை. காயம் ஆறப் புரதம் வேண்டும், அது மீனிலும் முட்டையிலும் பருப்பிலும் இருக்கிறது. உப்பை மட்டும் குறையுங்கள், வீக்கம் அதனால் கூடும். கருவாடும் ஊறுகாயும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும். ஆனால் உள்ளி மாத்திரை, மஞ்சள் மாத்திரை, மீனெண்ணெய், விற்றமின் ஈ என்று போத்தலில் அடைத்து விற்கிறார்களே, அவை இரத்தம் உறைவதைத் தடுக்கக் கூடியவை. சத்திரசிகிச்சைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். கறியில் போடுகிற உள்ளி வேறு, மாத்திரை வேறு. என்ன விழுங்குகிறோம் என்று வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், ஆயுள்வேதக் குளிசை உட்பட.

வயிற்றைக் கட்டுவது எங்கள் ஆச்சிமார் பழஞ்சேலையில் செய்தது. இங்கே அதற்கென்றே இறுக்குப் பட்டி தருகிறார்கள், கிழமைக்கணக்காகப் போட்டிருக்கச் சொல்கிறார்கள். ஆச்சிமாருக்கு இதில் ஒரு புள்ளி கூட! ஆனால் 'இன்னும் இறுக்கினால் இன்னும் வற்றும்' என்று பட்டிக்கு மேல் சேலையும் சுற்ற வேண்டாம். மூச்சை முழுதாக இழுக்க விடாத கட்டு கெடுதல் செய்யும். கால் இரத்தம் மேலே வருவதையும் அது தடுக்கும்.

வேது பிடிப்பதும் வெந்நீர்ப் போத்தல் வைப்பதும் வேண்டவே வேண்டாம். தொப்புளுக்குக் கீழே தோல் மரத்துப் போயிருக்கும். நரம்பு வெட்டுப்பட்டதால் மாதக்கணக்காகச் சூடு தெரியாது. கொப்புளம் போட்ட பிறகுதான் சுட்டது தெரியவரும். காயத்தில் மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசுவது முழுக்க மூடி ஆறும்வரை கூடாது. நொச்சி இலை அவித்த முழுக்கைப் பற்றி ஒரு பெரியம்மா கேட்டார். தொட்டித் தண்ணீரில் இருக்கவே கூடாது என்பது கட்டளை. வைத்தியர் அனுமதித்த நாளிலிருந்து நின்றபடி ஷவர் மட்டும், அதுவும் ஒரு கதிரையை உள்ளே போட்டு, ஒராள் வாசலில் நின்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய வாதம் நடையைப் பற்றியது. "வெட்டின வயிறு, ஆடாமல் படுக்க விடுங்கோ" என்று வந்தவர் எல்லோரும் சொன்னார்கள். முற்காலத்தில் வைத்தியசாலைகளும் அப்படித்தான் சொல்லின. கிழமைக்கணக்காகக் கட்டிலில் கிடத்தினார்கள். 1940கள் அளவில் அந்தப் பழக்கம் மாறத் தொடங்கியது. படுத்தே கிடப்பவரின் காலில் இரத்தம் கட்டிபடும், அந்தக் கட்டி நகர்ந்து சுவாசப்பைக்குப் போனால் ஆளை ஒரே அடியில் விழுத்தும். அழகுக்காகச் செய்யும் சத்திரசிகிச்சைகளில் இந்த ஆபத்து அதிகமுள்ளது வயிற்றுச் சத்திரசிகிச்சைதான். ஆகவே முதல் நாள் மாலையே எழுப்பிக் கழிவறை வரை நடத்த வேண்டும். பிறகு விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கொரு தரம். வெளியே பனி கொட்டியது. நாங்கள் பதினோராம் தட்டு நடைபாதையில் நடத்தினோம், ஆட்கள் வேலைக்குப் போனபின், ஒருவரும் காணாத நேரம் பார்த்து.

அந்த 'ஒருவரும் காணாத நேரம்' வரவரக் குறுகியது. பிள்ளைகளின் சிநேகிதர் வருவார்கள், பக்கத்து வீட்டு அக்கா மா இடிக்க வருவார். ஆறாம் ஏழாம் நாட்களில் நடை இரண்டு தடவையாகச் சுருங்கிவிட்டது. எட்டாம் நாள் இரவு இடது கெண்டைக்கால் நோகிறது என்றார். தொட்டுப் பார்த்தோம், மற்றக் காலைவிடத் தடித்துச் சூடாக இருந்தது. "நாரிப் பிடிப்பு காலுக்கு இறங்கியிருக்கும்" என்று எண்ணெய் தடவப் போனவர்களைத் தடுத்தது மகள்தான். அந்த நாலாம் பக்கத்தின் கடைசி வரியை அவள் மறக்கவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி கேட்டார்: என்ன சத்திரசிகிச்சை நடந்தது? பின்னால் கதிரையில் எங்கள் ஊர்க்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. ஹேர்னியா என்றோம்.

வைத்தியர் பட்டியைக் கழற்றியதும் ஒரு கணம் பேசாமல் நின்றார். இடுப்பிலிருந்து இடுப்பு வரை ஒரே கோடு. ஹேர்னியாவுக்கு இப்படி வெட்டுவதில்லை என்று அவருக்குத் தெரியாதா? கோபிக்கவில்லை. திரையை இழுத்துவிட்டு, எத்தனை மணித்தியாலம் மயக்கத்தில் இருந்தார், தசையைத் தைத்தார்களா, கொழுப்பு உறிஞ்சினார்களா, என்னென்ன மருந்து என்று முதலிலிருந்து கேட்டார். அத்தனைக்கும் மகள் பதில் சொன்னாள். எங்களுக்குத் தலை நிமிரவில்லை. ஊசி போட்டு, காலையில் அல்ட்ராசவுண்ட் எடுத்தபோது கட்டி இருந்தது. சுவாசப்பைக்குப் போகவில்லை. மூன்று மாதம் இரத்தம் உறையாதிருக்கக் குளிசை.

எதைக் கண்டால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதை இனி ஒருவருக்கும் பிந்திச் சொல்லக் கூடாது. மூச்சு முட்டுதல், நெஞ்சு நோ, இரத்தத்தோடு இருமல், மயங்கி விழுதல் என்றால் உடனே 911. ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, 38 பாகைக்கு மேற்பட்ட காய்ச்சல், காயம் சிவந்து பரவுதல், நாற்றம், தோல் கறுத்துப் போதல், வயிற்றின் ஒரு பக்கம் திடீரென்று உப்புதல், குழாயில் புது இரத்தம் நிரம்புதல் என்றால் அன்றே வைத்தியர், கிடைக்காவிட்டால் அவசரப் பிரிவு. ஸ்காபரோவில் லோரன்ஸ் அவெனியூ கிழக்கிலும், பேர்ச்மவுண்ட் வீதியிலும், எல்ஸ்மெயர் வீதியிலும் உள்ள மூன்று வைத்தியசாலைகளிலும் அவசரப் பிரிவு உண்டு. போவதா வேண்டாமா என்று தெரியாத நடுச்சாமத்தில் 811ஐ அழுத்தினால் பதிவுபெற்ற தாதியோடு பேசலாம், இலவசம். தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று கேளுங்கள். தோலுக்கடியில் பிறகும் நீர் தேங்குவது உண்டு. தட்டினால் தண்ணீர்ப் பை போலத் தளும்பும். அதை ஊசியால் எடுத்துவிடுவார்கள், பயப்படத் தேவையில்லை.

காசு விடயத்தில் பலருக்கும் தப்பான எண்ணம் இருக்கிறது. ஓஹிப் அழகுக்கான சத்திரசிகிச்சைக்குப் பணம் கட்டாது. தசை விலகல் மட்டும் இருந்தால் பொதுவாக அதற்கும் கட்டாது. தொங்கும் தோலின் கீழ் ஆறாத புண்ணும் தொற்றும் இருந்தால், தோலை மட்டும் எடுப்பதற்கு வைத்தியர் மூலம் முன் அனுமதி கேட்கலாம். மடிப்புக்குள் அவிச்சல் என்று மச்சாள் குடும்ப வைத்தியரிடம் ஒருபோதும் வாய்திறந்ததில்லை. சொல்லியிருந்தால் கிடைத்திருக்குமோ தெரியாது, ஆனால் கேட்டாவது பார்த்திருக்கலாம். பத்தாயிரம் டொலரைத் தாண்டிய கணக்குக்கு மேல் 13 சதவீத எச்.எஸ்.ரி. வேறு. 2010 மார்ச்சில் வந்த மத்திய வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகு, அழகுக்கு மட்டுமான சிகிச்சையை வருமானவரியில் வைத்தியச் செலவாகக் காட்டவும் முடியாது. வேலைத்தலத்திலும் கவனம்: ஒன்ராறியோ வேலைச் சட்டம் தரும் சம்பளமில்லாத மூன்று சுகவீன நாட்கள், வைத்தியத் தேவையில்லாத அழகுச் சிகிச்சைக்குச் செல்லாது. விடுமுறை நாட்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு போவதுதான் புத்தி. இருந்து பார்க்கும் வேலையென்றால் இரண்டு மூன்று கிழமை, தூக்கிப் பறிக்கும் தொழிற்சாலை வேலையென்றால் ஆறு தொடக்கம் எட்டு.

மலிவு என்று வெளிநாட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டொமினிக்கன் குடியரசுக்குப் போய் வயிற்றுச் சத்திரசிகிச்சை செய்து திரும்பிய அமெரிக்கப் பெண்கள் பலருக்கு 2003-04இலும், மறுபடி 2013-14இலும், மருந்துக்கு எளிதில் மசியாத ஒருவகைக் கிருமி காயத்தில் பற்றியது. கிழமைகள் கழிந்துதான் முடிச்சு முடிச்சாக வெளியே தெரிந்தது, மாதக்கணக்காக மருந்து எடுத்தார்கள். சென்னையோ கொழும்போ நல்ல கைகள் உள்ள இடங்கள்தான். ஆனால் வெட்டிய வயிற்றோடு அத்தனை மணித்தியாலம் விமானத்தில் மடங்கி இருந்து வருவதை நினைத்துப் பாருங்கள். மச்சாளுக்கு இங்கே, அதுவும் கதிரையில் இருந்தபடியே காலில் கட்டிபட்டது.

இங்கே மட்டும் எல்லாம் பத்திரமா? 2007இல் இதே ரொறொன்ரோவில், ஒரு தனியார் கிளினிக்கில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குப் பின் 32 வயதுத் தாய் ஒருவர் இறந்தார். செய்தவர் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல, குடும்ப வைத்தியர். அந்த மரணத்தின் பின்பே, 2010இலிருந்து, வைத்தியசாலைக்கு வெளியே மயக்கமருந்து கொடுத்துச் செய்யும் இடங்களை ஒன்ராறியோ வைத்தியர் கல்லூரி பரிசோதிக்கத் தொடங்கியது. அந்தக் கல்லூரியின் பதிவேட்டில் எந்த வைத்தியரின் பெயரையும் யாரும் தேடிப் பார்க்கலாம். பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சையில் கனடிய றோயல் கல்லூரியின் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் 'அழகுக்கலை நிபுணர்' பட்டங்கள் அதற்கு ஈடாகாது.

வைத்தியசாலையிலிருந்து திரும்பிய அன்று மச்சாள் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடச் சொன்னார். என்ன செய்தேன் என்று தானே சொன்னார். நாங்கள் குசினிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இவ்வளவு நாளும் உந்தச் சின்னவனை ஆர் தூக்கினது?" என்று கேட்டார். நான்கு வயது மகன் அவன். ஐந்து கிலோவுக்கு மேல் ஆறு கிழமைக்குத் தூக்கக் கூடாது என்று விதி. அவன் பதினாறு கிலோ. தாய் இருக்க அவன் ஏறி மடியருகே வந்து அணையலாம், குனிந்து தூக்குவதுதான் கூடாது. அடுத்த நாளிலிருந்து அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனதும், நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்த்துத் தந்ததும் அக்காதான். நடைபாதையில் கையைப் பிடித்து நடத்தியதும் அவர்தான், பகல் பன்னிரண்டு மணிக்கு, எல்லோரும் காண.

இரண்டாம் கிழமை காரணமில்லாமல் அழுகை வரும், அதற்கும் ஆயத்தமாக இருங்கள். காசும் போய், நோவும் கூடி, வயிறு முன்னதைவிட வீங்கி இருப்பதைக் கண்ணாடியில் காணும் கிழமை அது. வீக்கம் மாலையில் கூடி, காலையில் வற்றி, மாதக்கணக்கில்தான் இறங்கும். தழும்பு மங்க ஒரு வருடம் செல்லும். எங்களைப் போன்ற கறுத்தத் தோலில் அது தடித்து எழும்பும் வாய்ப்புக் கூட. காயம் மூடியபின் ஒட்டுகிற சிலிக்கோன் தாள் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

இப்போது மச்சாள் வேலைக்குப் போகிறார். தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. ஊரிலிருக்கும் மாமிக்கும் உண்மையைச் சொல்லியாகிவிட்டது. மாமி தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று: "வயித்தை ஒழுங்காக் கட்டிவிட்டவையோ?"